ஏழு வரிகளும் ஆறு பாத்தி மிளகாய் நாற்றும்

ரெட்டியார்பாளையத்தில் விற்கும் மிளகாய் நாற்றின் வேருக்குள் பூசணம் குடியிருக்கிறது என்று நான் எழுதிய செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியில் என் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். பார்த்த இடம், காட்டியவரின் படிப்பு, பாத்திகளின் எண்ணிக்கை எல்லாம் சரி. இன்றைக்கு அந்தத் தாளை எடுத்துப் படித்தாலும் திருத்த ஒரு சொல் அகப்படாது. ஆனாலும் அது அச்சான நாலாம் நாளுக்குள் ஒரு பெண்ணின் நாற்று வியாபாரம் அடியோடு நின்றுபோனது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுச்சேரியில் நான் வேலை பார்த்தது நாலு பக்க மாலைத் தாள் ஒன்றில். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே அச்சகம். பகல் பன்னிரண்டுக்கு, எழுத்துக் கோத்த பக்கத்தைச் சட்டத்தில் வைத்து இறுக்கிப் பூட்டுவார்கள். மூன்று மணிக்குத் தாள் தெருவுக்குப் போய்விடும். செய்தி சேகரிப்பது, எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது, தலைப்புப் போடுவது என்று நாலு வேலையும் எனக்கே. அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. இருபத்தாறு வயதில் நாலையும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் ஃபோர்மேன் செய்தியைப் படித்துச் சுருக்கிக்கொண்டிருக்க மாட்டார். அதற்கு நேரமும் இல்லை. அடியிலிருந்து வேண்டிய வரிகளை ஈய எழுத்தோடு விரல்களுக்கு நடுவில் பிடித்துத் தூக்கிவிடுவார். அதனால் முக்கியமானது தலையில் இருக்க வேண்டும். போனால் போகட்டும் என்பது அடியில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னது இது.

நுண்ணோக்கிக்கு உரியவர் கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு எடுப்பவர். என் வயதுதான். பிரான்சில் படித்துவிட்டு வந்திருந்தார். பேசுவது நல்ல தமிழ். எண்ணுவது மட்டும் பிரெஞ்சில். கல்லூரியில் மாணவர் கண்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பற்றிப் பத்து வரி எழுதப் போன இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். மேசைமேல் இரண்டு மண்தொட்டிகள். இரண்டிலும் மிளகாய்ச் செடி. ஒன்று முழங்கை உயரம், மற்றது விரல் உயரம்.

"ரெண்டும் ஒரே விதை, ஒரே மண், ஒரே நாள்ல போட்டது" என்றார். "குட்டையா இருக்கிற தொட்டி மண்ணை மட்டும் இட்லிப் பானையில வச்சு ஆவி காட்டினேன்."

"ஆவி காட்டினால் மண்ணில் இருக்கிற கிருமியெல்லாம் செத்திருக்குமே. அதுதானே நன்றாக வளர வேண்டும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நாற்றழுகல் வருதுன்னுதான் மண்ணை வேகவச்சேன். அழுகல் போயிடுச்சு. கூடவே வேற எதுவோ போயிடுச்சு."

அந்த வேறு எதுவோ என்ன என்பதை நுண்ணோக்கியில் காட்டினார். உயரமான செடியின் மெல்லிய வேரைக் காஸ்டிக் காரக் கரைசலில் வேகவைத்து வெளிறச் செய்து, நீலச் சாயத்தில் ஊறப்போட்டு, கண்ணாடித் துண்டில் நசுக்கி வைத்திருந்தார். வேரின் அறைகள் வெளுத்து, செங்கல் அடுக்கிய சுவர்போலத் தெரிந்தன. அவற்றின் இடையே நீல நூல் ஒன்று ஓடிற்று. ஓடிய நூல் ஓர் அறைக்குள் நுழைந்து, கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, இலையுதிர்ந்த மரத்தைப்போல அறையை நிறைத்திருந்தது. பக்கத்து அறையில் இன்னொரு மரம். சில இடங்களில் நூலின் நுனி உருண்டு குமிழாகியிருந்தது. குட்டைச் செடியின் வேரையும் அப்படியே செய்து காட்டினார். சுவர் இருந்தது, மரம் இல்லை.

"இது பூசணம்தானே? நோய் இல்லையா?"

"நோய்னா செடி வாடணும். இது உள்ளேயே குடியிருக்குது, செடி நல்லாயிருக்குது. வேருக்கு எட்டாத மண்ணுல இதோட நூல் போய் சத்தை எடுத்துக்கொண்டு வருதுன்னு நினைக்கிறேன். அதுக்குப் பதிலா செடி இதுக்குச் சாப்பாடு போடுது."

"நினைக்கிறீர்களா, தெரியுமா?"

அவர் சிரித்தார். "நினைக்கிறேன்னே எழுதுங்க. ரெண்டு தொட்டியை வச்சு உலகத்துக்குச் சொல்ல முடியாது."

தொட்டி மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையத்தில் ஒரு அம்மா நாற்று விடுகிறார். கரம்பு மண்ணில் நட்டாலும் அவருடைய நாற்று பிடித்துக்கொள்கிறது என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அவருடைய பாத்தியிலிருந்து எடுத்து வந்தது என்றார். மறுநாள் காலையில் இரண்டு சைக்கிளில் அங்கே போனோம்.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. குத்தகைக்கு எடுத்த சிறு துண்டு நிலத்தில் ஆறு பாத்திகள். மிளகாய் நாற்று ஒரு சாண் உயரம் வந்து, கரும்பச்சையாக, சீவிவிட்டது போல நின்றது. ஓரத்தில் வீட்டுக்கு என்று முள்ளங்கியும் கொஞ்சம் கீரையும். கேட்டதற்கெல்லாம் குனிந்து களை பிடுங்கியபடியே பதில் சொன்னார்.

"புது மண்ணா? புது மண்ணுல வெதைய போட்டா முளைக்காமயா பூடும், முளைக்கும். முளைச்சி, மாமியா கூட சண்ட போட்ட மருமவ மாதிரி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு அங்கியே நிக்கும்."

அவர் செய்வது இதுதான். நாற்றுக் காலம் முடிந்ததும் அதே பாத்திகளில் சோளம் விதைப்பார். தட்டையை மாட்டுக்காரர்களுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு, வேரை மண்ணோடு கொத்தி எடுத்து, அரிவாளால் பொடியாக நறுக்கி, விதைக்கு நாலு விரல் கீழே பரப்பிவிடுவார்.

"பாலுக்கு உறை ஊத்தற மாதிரின்னு வச்சிக்கியேன்" என்றார்.

செய்முறை ஆசிரியருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரு சொல்லுவாங்க முசே?" என்றார், பிரெஞ்சுத் துரையை அழைக்கிற மாதிரி. "ஒரு வருசம் காச்சல்ல கெடந்தேன். சோள வேரப் பொறுக்கி வெளிய போடச் சோம்பேறித்தனம் பட்டுக்கினு, ஒரு பாத்தியில அப்பிடியே கொத்தி வுட்டுட்டேன். அந்த ஒண்ணு மட்டும் நெடுநெடுன்னு வந்து நின்னுச்சி. அடுத்த வருசம் ஆறு பாத்தியிலயும் சோம்பேறித்தனம் பட்டேன்."

வேருக்குள் பூசணம் இருப்பதை ஆசிரியர் சொன்னதும் களை பிடுங்கிய கை நின்றது. "பூசணமா? ஊறுகாயில பூக்குமே, அதுவா?"

"அந்தச் சாதிதான். ஆனா இது கெடுக்கிறது இல்ல, உதவி செய்யறது."

"அப்ப இருந்துட்டுப் போவட்டும். எத்தினியோ பேரு கெடுதல் பண்ணிக்கினு இருக்கறாங்க, இது ஒண்ணாவது நல்லது பண்ணட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "பேப்பர்ல போடப் போறியா தம்பி? எம் பேரு போட்டுடாத. அவரு பேரு ஏன் போடலன்னு எங்க வூட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு" என்றார்.

பெயர் போடவில்லை. ஊரை மட்டும் போட்டேன். அந்த ஊரில் மிளகாய் நாற்று விற்பவர் அவர் ஒருவரே என்பதால் பெயர் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முப்பத்தொரு வரி எழுதினேன். செய்தியாக எழுதியிருந்தால் முதல் வரியிலேயே, பயிருக்கு நன்மை செய்யும் பூசணம் என்று வந்திருக்கும். நான் கதை எழுதப் பார்த்தேன். முதலில் செழித்த நாற்று, பிறகு வேர், பிறகு நுண்ணோக்கி, வேருக்குள் ஊடுருவிப் போகும் நீல நூல், அறை அறையாக அது நிறைவது. வாசகன் ஐயோ என்று நினைக்கும் இடத்தில் கடைசி ஏழு வரிகளில் முடிச்சை அவிழ்த்தேன்: இது நோயன்று, செடிக்கு இதனால் நன்மையே என்று கருதப்படுகிறது, ஆவி காட்டிய மண்ணில் இது இல்லாத செடி வளரவில்லை. தலைப்பும் நான்தான் போட்டேன்: 'ரெட்டியார்பாளையம் மிளகாய் நாற்றின் வேருக்குள் பூசணம்.' மெய்ப்புப் பார்க்கும்போது எனக்கே திருப்தியாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளி விளம்பரத்தோடு வந்தார். ஃபோர்மேன் அந்தப் பக்கத்தில் அங்கங்கே இடம் பிடித்தார். என் செய்தியிலிருந்து அவருக்குத் தேவைப்பட்டது ஏழு வரி.

மூன்று மணிக்கு அச்சில் பார்த்தேன். 'அறை அறையாக நிறைந்திருப்பதைக் காண முடிந்தது' என்பதோடு செய்தி முடிந்திருந்தது. ஃபோர்மேனிடம் போனேன்.

"இன்னாபா, வழக்கமா வெட்டற எடத்துலதான வெட்டனேன்" என்றார். "மேல வச்சிருந்தா மேல இருந்திருக்கும்."

அவர் சொன்னது சரி. நாளைக்குத் தொடர்ச்சியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நகரசபைக் கூட்டம். அதற்கு மறுநாள் மீன்பிடிப் படகு ஒன்று தேங்காய்த்திட்டுப் பக்கம் கவிழ்ந்து, ஆள் சேதமில்லாமல் கரை சேர்ந்தது. இரண்டு நாளும் இடம் இல்லை. இடம் கேட்டுச் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா அச்சகத்துக்கு வந்தார். கையில் நாலாக மடித்த எங்கள் தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாங்க வந்தவர் ஒருவர் பாத்தி ஓரத்தில் நின்று உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏந் தம்பி, நல்லது பண்ணுதுன்னு அந்த முசே சொன்னது உங்காதுல வுழுந்துச்சில்ல?"

"விழுந்தது அக்கா. எழுதினேன். இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள்."

"கெட்டதுக்கு எடம் இருந்துச்சி. நல்லதுக்கு எடம் இல்லியா?"

அச்சகத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. நேற்று மூன்று வண்டி வந்து திரும்பிப் போய்விட்டது. அச்சாரம் சொல்லி வைத்திருந்தவர்களும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். வேரில் இருப்பது தங்கள் நிலத்துக்கு வந்தால் கொல்லை முழுக்கப் பரவிவிடும் என்று பேச்சு.

"நாத்துக்கு முப்பத்தஞ்சி நாளாவுது. இன்னம் பத்து நாளு. அதுக்கு மேல போனா தண்டு முத்திப் பூடும், நட்டாலும் புடிக்காது. அதுக்குள்ள மழ வேற புடிச்சிக்கும். ஆறு பாத்தி தம்பி. இந்த ஒரு வெள்ளாமதான் எனக்கு வருசத்துக்கும்." தாளை மேசைமேல் வைத்தார். "இத நீயே வச்சிக்க. இன்னா பண்ணுவியோ, பண்ணு."

அன்றைக்கே திருத்தம் எழுதிப் பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் நல்லவர், ஆனால் திருத்தங்களுக்கு என்று எங்கள் தாளில் ஓர் இடம் உண்டு. நாலாம் பக்கம், சினிமா விளம்பரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில். மறுநாள் அங்கே வந்தது: 'ரெட்டியார்பாளையம் மிளகாய் நாற்றின் வேரில் காணப்படும் பூசணம் தீங்கற்றது என அறிகிறோம்.' முதல் செய்தியைப் படிக்காதவர்களுக்கும் இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அங்கே போனேன். பாத்தி ஓரத்தில் ஒரு வண்டித் தடம்கூட இல்லை. நாற்று மட்டும் இன்னும் இரண்டு விரல் வளர்ந்திருந்தது.

கல்லூரிக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். செய்முறை ஆசிரியர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எழுத்துல போனதை எழுத்துல சரி பண்ண முடியாது. கண்ணால பார்க்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நுண்ணோக்கியை மரப்பெட்டியோடு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் பின்னால் காரப் புட்டியையும் சாயத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. கண்ணால் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்தேன், எனக்குப் புரிந்ததே.

வில்லியனூர்ப் பக்கத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேரை அந்த அம்மா ஆள்விட்டு வரவழைத்திருந்தார். அவர்களில் ஒருவர் அன்றைக்குச் செய்தியைப் படித்துக் காட்டியவர். நாலு வருஷமாக அந்த அம்மாளிடமே நாற்று வாங்குகிறவர். பருத்த உடம்பு, கக்கத்தில் குடை. வானம் தெளிவாக இருந்தது. ஆசிரியர் ஒரு பெஞ்சின்மேல் நுண்ணோக்கியை வைத்து, அடியில் உள்ள சின்னக் கண்ணாடியை வானத்தைப் பார்த்துத் திருப்பி, ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

பார்த்தார்கள். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

"ஐயையோ, நெளியுதே!" என்றார் ஒருவர்.

"நெளியல. நீங்க மேசைய ஆட்டறீங்க."

"உள்ள பூரா புடிச்சிக்கினு இருக்குதே" என்றார் இன்னொருவர். "பேப்பர்ல போட்டிருந்தது சரிதான்."

குடைக்காரர் கடைசியாகப் பார்த்தார். நிமிர்ந்து, வேட்டி நுனியால் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது வேருல இருக்குதா, உங்க கண்ணாடியில இருக்குதா?"

"வேர்லதான்."

"சரி. நல்லது பண்ணுதுன்னு நீங்க சொல்றீங்க. நாங்க எப்பிடி நம்பறது? நான் கொண்டாறத பாத்து சொல்லுங்க, அப்பறம் பேசலாம்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "நீ பேப்பர்ல காட்டின. அவரு கண்ணுலயே காட்டிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து நல்லாத்தான் பண்றீங்க" என்றார். அன்றைக்குச் சிரிக்கக் கிடைத்த ஒரே பேச்சு அதுதான்; அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குடைக்காரர் மூன்று வாழையிலைப் பொட்டலங்களோடு வந்தார். பின்னால் பழைய கூட்டமும் இன்னும் சிலரும். மூன்றிலும் வேர். எது எந்தச் செடி என்று சொல்ல மாட்டேன். பூசணம் எதில் இருக்கிறது என்று முசேவே சொல்லட்டும் என்றார். கல்லூரியில் படித்த எங்களுக்குத் தோன்றாத யோசனை இது. நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஆசிரியர் வேரைக் கழுவி, நறுக்கி, மூன்று கண்ணாடிக் குவளைகளில் காரத்தில் போட்டு, அந்த அம்மாளின் அடுப்பில் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தார். வேர் வெந்து சேமியாவைப்போல வெளுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு வினிகரில் அலசல், பிறகு சாயம். அதற்குள் கிழக்கே கடல் பக்கமிருந்து மேகம் ஏற ஆரம்பித்திருந்தது. நுண்ணோக்கிக்கு வானத்து வெளிச்சம் வேண்டும். அவர் பெஞ்சை இரண்டு தரம் இடம் மாற்றிப் போட்டார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூணுலயும் இருக்குது" என்றார்.

"மூணுலயுமா?"

"மூணுலயும். முதல் பொட்டலத்துல நிறைய. மத்த ரெண்டுலயும் கொஞ்சம் குறைச்சல்."

குடைக்காரர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்குங்க. மொத பொட்டலம், போன வருசம் இந்தம்மா கிட்ட வாங்கின நாத்து. ரெண்டாவது, வேற எடத்துல வாங்கினது. மூணாவது எங்கூட்டு வெங்காயம். வெங்காயத்த நான் யாருகிட்டயும் வாங்கல. இவரு எத காட்டினாலும் இருக்குதுன்னுதான் சொல்லுவாரு போலக்கீது!"

கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எதைப் பார்த்தாலும் ஆமாம் என்கிறவரின் ஆமாம் செல்லாது. ஊர் மண்ணிலேயே இந்தப் பூசணம் இருக்கிறது, வெங்காயத்தில்கூட வாழ்கிறது, இந்த அம்மா கொண்டுவந்து பரப்பிய நோயல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சாட்சி சொன்னவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. அந்த அம்மா அடுப்பண்டை எழுந்து நின்றுவிட்டார். நான் நாள் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்று.

ஆசிரியர் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "இல்லன்னும் சொல்வேன்" என்றார். "அந்த ஓரத்துல முள்ளங்கி இருக்குதே, அது இதே மண்ணுலதானே வளருது?"

"இதே மண்ணுதான். சோள வேரு போட்ட மண்ணுதான்" என்றார் அந்த அம்மா.

"அதுல இருக்காது. பார்க்கிறதுக்கு முன்னாடியே சொல்றேன். கடுகு, முள்ளங்கி, கோசு, இந்தக் குடும்பம் இதை உள்ள விடாது. ஏன்னு எனக்குத் தெரியாது. நீங்களே பிடுங்குங்க, நீங்களே கழுவுங்க. நான் தொட மாட்டேன்."

குடைக்காரர் குடையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தானே போய்ப் பிடுங்கினார். கிழங்கின் பக்கத்து மெல்லிய வேர்களை ஆசிரியர் சொன்னபடி கிள்ளி எடுத்தார். அவரே குவளையில் போட்டு, அவரே சட்டிக்குள் இறக்கி, அடுப்பைவிட்டு நகராமல் குந்தி உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் ஒருவரும் போகவில்லை. யாரோ முள்ளங்கிக் கிழங்கை வீணாக்குவானேன் என்று கழுவித் தின்ன ஆரம்பித்தார்.

மேகம் பாதி வானத்துக்கு வந்துவிட்டது. மேற்கே மட்டும் வெளுப்பாக ஒரு துண்டு. ஆசிரியர் பெஞ்சைச் சாலையோரம் வரை இழுத்துப் போய், கண்ணாடியை அந்தத் துண்டுக்குத் திருப்பினார். சாயம் போட்ட வேரைக் கண்ணாடித் துண்டில் வைத்ததும் தான் பார்க்கவில்லை. விலகிக்கொண்டு, "பாருங்க" என்றார்.

குடைக்காரர் குனிந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். துண்டை இப்படியும் அப்படியும் நகர்த்தச் சொன்னார். வெகு நேரம் பார்த்தார். அந்த அம்மா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செங்கல்லு இருக்குது" என்றார் குடைக்காரர். "நூலு இல்ல."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்யா. இல்ல." நிமிர்ந்து ஆசிரியரைத் தலையிலிருந்து கால்வரை புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இல்லன்னும் சொல்றாரு. சொன்ன மாதிரியே இல்ல."

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப வெங்காயத்துல இருக்குதுன்னு சொன்னது?"

"அதுவும் நெசந்தான். எங்கொல்லையிலயே இருக்குது. எங்கப்பன் காலத்துலேர்ந்து இருந்திருக்கும், யாரு கண்டது." அந்த அம்மாளிடம் குடையை வாங்கிக்கொண்டார். "இந்தாம்மா, போன வருசம் உங்கிட்ட வாங்கின செடியிலதான் ஜாஸ்தி இருக்குதாம். அதுதான் இந்த வருசமும் நின்னு காய்க்குது. எனக்கு ரெண்டு பாத்தி. வேரு அறுவாம புடுங்கிக் குடு."

"இன்னிக்கா அண்ணே?"

"பின்ன, மழ வந்தப்பறமா? இன்னிக்கே."

அந்த அம்மா அதற்கும் சிரிக்கவில்லை. பாத்தியில் இறங்கித் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கிப் பிடுங்க ஆரம்பித்தார். மாலை வேலை முடிந்து வந்த கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இறங்கினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், அவர் ரெண்டு எடுத்தால் எனக்கு எங்கே மிச்சம் என்று சண்டைக்குப் போனார். சாக்கை நனைத்து, நாற்றைக் கட்டுக் கட்டாக அதில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு இரண்டரைப் பாத்தி போயிற்று. மறுநாள் இரண்டு. வாங்கியவர்களில் ஒருவர் ஒரு கட்டை உயரத் தூக்கி வேரை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல பூசணம் இருக்குதா? நல்லா இருக்கிற கட்டா பாத்துக் குடும்மா" என்று கேட்டதாக அந்த அம்மா பிற்பாடு சொன்னார். "கண்ணுக்குத் தெரியுமா அது? தெரியுதுன்னு சொல்லிக் குடுத்து அனுப்பிட்டேன்."

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல் வேலை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். ஒன்றரைப் பாத்தி மிச்சம். நாற்று தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. இனி அதை வாங்க ஆள் வராது என்று எனக்கும் தெரிந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு, தண்ணீர் வடியப் பாத்திக்கு நடுவில் மண்வெட்டியால் வாய்க்கால் கீறிக்கொண்டிருந்தார்.

"ஒன்றரைப் பாத்தி போயிற்றே அக்கா" என்றேன்.

"நாலரை வித்துச்சில்ல. போன ஞாயித்துக்கெழம ஆறும் போச்சின்னுதான உக்காந்திருந்தேன்."

நடந்ததை எல்லாம் முழுச் செய்தியாக எழுதி வைத்திருந்தேன். இந்த முறை நன்மை என்பதை முதல் வரியிலேயே வைத்திருந்தேன். முள்ளங்கி இரண்டாவது வரி. பத்திரிகை ஆசிரியரிடம் முதல் பக்கத்தில் இடமும் கேட்டு வாங்கிவிட்டேன். அதைச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "எங்க ஊரு பேரு வருதா?"

"வராமல் எப்படி எழுத முடியும்?"

"அப்ப வேணாம் தம்பி. நீ நல்லபடியாத்தான் எழுதியிருப்ப. எத்தினி வரி அச்சுக்குப் போவும்னு உனக்கே தெரியாது."

வாதாடிப் பார்த்தேன். மேலே வைத்திருப்பதை வெட்ட மாட்டார்கள் என்று எங்கள் அச்சக வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் மண்வெட்டியை என் கையில் கொடுத்து, அந்தக் கோடியில் தண்ணீர் கட்டியிருக்கிறது, வெட்டிவிடு என்றார். வெட்டிவிட்டேன்.

செய்தியை அச்சுக்குக் கொடுக்கவில்லை. முதல் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் மழைச் செய்தி போட்டோம்.